அம்மியில் ஆட்ட முடியுமா?

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் செனாய்க்காரி. ஜோகூர் பாருவிலிருந்து கூலாய் போகும் வழியில் விமான நிலையம் இருக்கிறதே, அந்தச் செனாய். தமிழ்நாட்டிலிருந்து வரும் கலைஞர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஓ, ஷெனாய் வாத்தியமா?" என்று கேட்பார்கள். இன்னும் சிலர் "சேனைக்கிழங்கா?" என்பார்கள். இரண்டும் இல்லை. ஒலி ஒன்றுபோல் இருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு அம்மி. "நீயே சமையலறைப் பக்கம் போகாதவள், உனக்கு எதற்கு அம்மி?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தத் தலைப்பை நான் தேடிப் போகவில்லை. அதுதான் என்னைத் தேடி வந்தது, அதுவும் நேரடி ஒளிபரப்பில்.

ஒரு காலை நிகழ்ச்சியில் சமையல் அங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் உற்சாகமாக, "அந்தக் காலத்தில் அம்மியில் ஆட்டிய மசாலாவின் மணமே தனி" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, தொலைபேசி அழைப்பு. கூலாய்ப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்த பாட்டி ஒருவர்.

"ஏம்மா கண்ணு, நீ அம்மியப் பாத்திருக்கியா?"

"பார்த்திருக்கேன் பாட்டி."

"பாத்தா மட்டும் போதாது. அம்மியில அரைப்பாங்க. ஆட்டுக்கல்லுலதான் ஆட்டுவாங்க. அம்மியில போட்டு ஆட்டுனா குழவி உருண்டு உன் கால்லதான் விழும்."

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒரு குடைச்சல். பொதுசனத் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கியவள் நான். ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, கேமராவை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லை விற்றுத்தான் சோறு சாப்பிடுகிறேன். அந்தச் சொல்லே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் எப்படி? அன்றிலிருந்து அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். பெரியவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கல்லுக்கு ஒரு வினை

முதலில் அந்தப் பாட்டி சொன்ன விஷயத்துக்கு வருவோம். அம்மி தட்டையான கல். அதன்மேல் குழவியை இரண்டு கையாலும் பிடித்து முன்னே தள்ளி, பின்னே இழுக்க வேண்டும். மிளகாயும் மல்லியும் தேங்காயும் இரண்டு கல்லுக்கு நடுவில் தேய்ந்து விழுதாகும். அந்தத் தேய்ப்புக்குப் பெயர் அரைத்தல்.

ஆட்டுக்கல் அப்படி இல்லை. அது நடுவில் குழி உள்ள கல். குழிக்குள் குழவி நின்றபடி சுற்ற வேண்டும். ஒரு கை குழவியைச் சுழற்றும், மறு கை மாவைத் தள்ளிவிடும். கல் ஆடுகிறது, நாம் ஆட்டுகிறோம். ஆகவே அது ஆட்டும் கல், ஆட்டுக்கல். சிறுவயதில் நான் இதை ஆடு கட்டி வைக்கும் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒலி ஒற்றுமையை நம்பக்கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? நானே அதில் ஏமாந்தவள்தான். எண்ணெய்ச் செக்கிலும் உலக்கை குழிக்குள் சுற்றித்தான் வருகிறது. அதனால்தான் அங்கேயும் எள்ளை ஆட்டுகிறார்கள், அரைப்பதில்லை.

உரலில் உலக்கை ஏறி இறங்கும். அங்கே இடிக்கலாம், குத்தலாம். இந்த இரண்டும்கூட ஒன்றல்ல. நெல்லைக் குத்துவார்கள். உமி போக வேண்டும், அரிசி உடையக்கூடாது. மிளகாயை இடிப்பார்கள். அது தூளாக வேண்டும். வேண்டுவது முழு அரிசியா, தூளா என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுகிறது.

திரிகையில் இரண்டு வட்டக் கற்கள். கீழ்க்கல் அசையாது. மேல்கல் ஒரு கைப்பிடியோடு சுற்றும். திரிதல் என்றால் சுற்றுதல். திரிப்பதால் திரிகை. அங்கே பயற்றை உடைப்பார்கள், மாவு திரிப்பார்கள்.

ஆக, அரை, ஆட்டு, இடி, குத்து, திரி, உடை. ஆறு வினைகள். எந்தக் கல், கை எந்தப் பக்கம் போகிறது, பொருள் என்ன ஆக வேண்டும் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். இன்றைக்கு என் தலைமுறையில் இந்த ஆறுக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: "பிளெண்ட் பண்ணு."

இந்த வினைகள் சமையலறையோடு நின்றுவிடவும் இல்லை. தவறு செய்கிறவனுக்கு முகத்துக்கு நேரே புத்தி சொல்வது இடித்துரைப்பது. ஒருவனைத் தன் இஷ்டத்துக்கு வளைப்பது ஆட்டிப் படைப்பது. சொன்னதையே சொல்வது அரைத்த மாவையே அரைப்பது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை வாரம் ஒரு முறையாவது கேட்காமல் இருக்க முடியாது.

பழைய வீடுகளில்

இந்தக் கருவிகள் நேற்று வந்தவை அல்ல. மொகஞ்சதாரோ, அரப்பா அகழாய்வுகளிலேயே நடுவில் தேய்ந்து பள்ளமான அரைகற்கள் கிடைத்திருக்கின்றன. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலத்துச் சிற்றூர் ஒன்றைக் காட்டும்போது, ஆண் யானையின் காலைப் போன்ற 'திரிமரம்' நிற்கும் பந்தலைச் சொல்கிறது. தானியம் திரிக்கும் கருவிதான் அது. திரிகையும் திரிமரமும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்த பிள்ளைகள்.

உலக்கை போட்டுக்கொண்டே பெண்கள் பாடும் பாட்டுக்கு வள்ளைப்பாட்டு என்று பெயர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அது இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் பாடினார். அது இறைவன் நீராடுவதற்குப் பொற்சுண்ணம் இடிக்கும் பெண்கள் பாடும் பாட்டாக அமைந்தது. வேலையின் தாளம் பாட்டின் தாளமானது.

உரல், உலக்கை என்ற சொற்களின் உறவுகளைப் பாருங்கள். மலையாளத்தில் உரல், உலக்க. கன்னடத்தில் ஒரளு, ஒனகெ. தெலுங்கில் ரோலு, ரோகலி. ஒரே குடும்பம் என்பது கேட்கும்போதே தெரிகிறது. வடமொழியில் ரிக் வேதத்திலேயே உரலுக்கு 'உலூகலம்' என்ற சொல் வருகிறது. அதற்கும் நம் உலக்கைக்கும் என்ன உறவு என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. இங்கிருந்து அங்கே போனது என்பார் உண்டு, வேறொரு பழங்குடி மொழியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

திரிகைக்குத் தென்மாவட்டங்களில் இன்னொரு பெயர் உண்டு: ஏந்திரம். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். 'யந்திரம்' என்ற வடசொல்லின் வீட்டு வடிவம் அது. இன்றைக்கு இயந்திரம் என்றால் நமக்கு ஆலையும் எஞ்சினும் நினைவுக்கு வருகின்றன. பாட்டிக்கோ அது கையால் சுற்றும் இரண்டு கல். இதே சொல் மலாய்மொழிக்கும் போய் 'ஜென்தெரா' ஆகியிருக்கிறது. சாலை வேலை நடக்கும் இடங்களில் 'ஜென்தெரா பெராட்' என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்களே, கனரக இயந்திரம் என்று, அந்த ஜென்தெராவும் என் பாட்டியின் உளுந்து உடைத்த ஏந்திரமும் ஒரே சொல்தான். செனாய்ச் சாலையில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வருகிறது.

குழவி என்றால் யார்?

இனி நான் மிகவும் வியந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மியின் மேல்கல்லுக்குப் பெயர் குழவி. இதை 'குளவி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது கொட்டும் பூச்சி. இது சிறப்பு ழகரம். குழவி என்றால் என்ன? குழந்தை. தொல்காப்பியத்தின் மரபியலில் இளமையைக் குறிக்கும் ஒன்பது பெயர்கள் சொல்லப்படுகின்றன. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி என்று எட்டு. ஒன்பதாவது குழவி. குழந்தை என்ற சொல்லும் அதே குடும்பம்தான்.

கல்லுக்கு எப்படிக் குழந்தை என்று பெயர் வந்தது? அம்மியை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். பெரிய கல் கிடக்கிறது. அதன் மடியில் சின்னக் கல் படுத்திருக்கிறது. வேலை முடிந்ததும் கழுவி, குழவியை அம்மியின் மேலேயே கிடத்தி வைப்பார்கள். பார்த்தவர்களுக்குத் தாயும் பிள்ளையுமாகத் தோன்றியிருக்கிறது.

"இது உன் கற்பனை" என்று சிலர் சொல்லலாம். மலையாளிகள் சாட்சி சொல்கிறார்கள். அவர்கள் அம்மியின் மேல்கல்லை 'அம்மிக்குட்டி' என்கிறார்கள். குட்டி என்றாலும் பிள்ளைதான்.

நம் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களைக் கேளுங்கள். உரல் அவர்களுக்கு 'லெசோங்'. அதில் இடிக்கும் சிறு உலக்கைக்கு 'அனாக் லெசோங்' என்று ஒரு பெயர் உண்டு. அனாக் என்றால் பிள்ளை. அம்மியை 'பத்து கிலிங்' என்பார்கள். அதன் குழவியும் 'அனாக்'தான். மலாய்மொழியில் இது ஒரு வழக்கம். பூட்டுக்கு 'இபு குஞ்சி', அதாவது தாய். சாவிக்கு 'அனாக் குஞ்சி', அதாவது பிள்ளை. பெரிய பொருளோடு சேர்ந்தே இயங்கும் சின்னப் பொருளைப் பிள்ளை என்று கூப்பிடும் மனசு அது.

சரி, மலாய்க்காரர்கள் நமக்கு அண்டை வீடு, பார்த்துப் பழகிய பழக்கமாக இருக்கலாம் என்று சொல்வீர்கள். அப்படியானால் கடல் தாண்டி மெக்சிகோவுக்கு வாருங்கள். அங்கே சோளம் அரைக்க நம் அம்மியைப் போலவே ஒரு கல் இருக்கிறது. மூன்று குட்டைக் கால்களோடு சற்றுச் சாய்வாக நிற்கும். அந்நாட்டு நாவா மக்களின் மொழியில் அதன் பெயர் 'மெத்லாத்ல்'. மேலே தள்ளும் கல்லின் பெயர் 'மெத்லாபில்லி'. 'பில்லி' என்றால் என்ன தெரியுமா? பிள்ளை. மெத்லாத்லின் பிள்ளை!

பில்லிக்கும் நம் பிள்ளைக்கும் ஒலி ஒத்துப்போகிறதே, அவர்களும் தமிழர்களோ என்று யாராவது எழுந்து நிற்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இல்லை. செனாயும் ஷெனாயும் போன்ற ஒற்றுமைதான் அது. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆனால் பொருள் ஒத்துப்போனதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கொலம்பஸ் கடல் கடந்தது 1492இல். அதற்கு முன் அவர்களுக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே, ஒரே மாதிரிக் கல்லின் முன்னால் உட்கார்ந்த பெண்கள், மேல்கல்லைப் பிள்ளை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பிடித்த கைதான், வேலை முடிந்ததும் போய்க் குழந்தையைத் தூக்கியிருக்கும்.

மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பல குடும்பங்களில் பெயர் சூட்டும் விழாவின்போது குழவிக் கல்லுக்குத் துணி சுற்றித் தொட்டிலில் இடும் வழக்கம் இருக்கிறது. கல்லைப் போல் திடமாக இருக்க வேண்டும் குழந்தை என்பது அதன் கருத்து. கல்லைக் குழந்தை என்றவர்கள், குழந்தையைக் கல்லாக இரு என்று வாழ்த்தவும் செய்கிறார்கள்.

அம்மி எங்கிருந்து வந்தது?

குழவி பிள்ளை என்றால் அம்மி தாயா? அம்மி, அம்மா, அம்மை... சொல்லிப் பார்த்தால் இனிக்கத்தான் செய்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் நான் புரட்டிய அகராதிகள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. அமுக்கு, அமுங்கு என்ற சொற்களோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லைக் குறிக்கும் 'அச்மன்' என்ற வடசொல்லோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். மலையாளத்திலும் அது அம்மிதான். ஆகவே பழைய சொல் என்பதில் ஐயமில்லை. கைதட்டுக்காக ஒரு சொல்லுக்குத் தாய் தேடித் தருவது என் வேலை இல்லை. ஆகவே அதை அங்கேயே விடுகிறேன்.

அச்மன் என்றதும் திருமணம் நினைவுக்கு வருகிறது. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கு. வடமொழி கிருகிய சூத்திரங்களில் இதற்கு அச்மாரோகணம் என்று பெயர். கல்லின்மேல் ஏறுதல் என்று பொருள். நெருப்புக்கு மேற்கே அரைகல்லை வைக்கச் சொல்கிறது ஆசுவலாயனரின் சூத்திரம். கல்லைப் போல் உறுதியாக இரு என்பதே மணமகளுக்குச் சொல்லப்படும் வார்த்தை. இங்கே மலேசியாவில் நம் கோயில் திருமணங்களிலும் ஓர் அம்மியைக் கழுவி, மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள். மணமகன் மணமகளின் காலைப் பிடித்து அதன்மேல் வைத்து மெட்டி போடுகிறார். புகைப்படம் எடுக்கிறோம். பல மணப்பெண்களுக்கு அம்மியோடு உண்டாகும் முதல் பழக்கமும் கடைசிப் பழக்கமும் அதுதான்.

ரொட்டிக்குள் ஒரு கல்

நேயர்களே, தினமும் காலையில் நாம் பசியாறும்போது ஒரு கல்லின் பெயரைச் சொல்கிறோம். அது தெரியுமா உங்களுக்கு?

ரொட்டி சானாய். சென்னையிலிருந்து வந்ததால் சானாய் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் மலாய்மொழியில் 'சானாய்' என்று தனியே ஒரு சொல் இருக்கிறது. மாவை மெல்லியதாக விரிப்பது ஒரு பொருள். கத்தியைத் தீட்டுவது இன்னொரு பொருள். 'பத்து சானாய்' என்றால் தீட்டுக்கல். நம் சாணைக்கல்! கத்தி சாணை பிடிக்கிறோமே, அந்தச் சாணைதான் மலாயில் சானாய் ஆனது என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். நமக்கும் அது வடமொழியின் 'சாண' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். வாங்கினோம், கொடுத்தோம். மொழிக்குள் அப்படித்தான் வியாபாரம் நடக்கிறது.

மலாயில் சுற்றுவதற்குக் 'கிசார்' என்று பெயர். அதிலிருந்து திரிகைக்கு 'பத்து கிசார்', பிளெண்டருக்கு 'பெங்கிசார்'. நாம் திரிதலிலிருந்து திரிகை என்றோம். அவர்கள் கிசாரிலிருந்து கிசாரான் என்றார்கள். நாம் நெல்லையும் குத்துவோம், கோபம் வந்தால் ஆளையும் குத்துவோம். அவர்களும் நெல்லுக்கும் ஆளுக்கும் 'தும்போக்' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கன்னத்தில் விழும் குழிக்கு அவர்கள் சொல்லும் பெயர் இன்னும் அழகு: 'லெசோங் பிபிட்'. பிபிட் என்பது சிட்டுக்குருவி போன்ற ஒரு சிறு பறவை. அந்தக் குருவிக்கு ஓர் உரல்!

அம்மா சொன்னது

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் வீட்டு அம்மி எங்கே?

நாங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். 1999இல் லயத்து வீட்டைக் காலி செய்து செனாயில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்தோம். லாரியில் கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, சாமி படங்கள் ஏறின. அம்மி ஏறவில்லை. பின்னர் அத்தை அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தேடிப் போனால், கூலாயில் அத்தை வீட்டுப் பின்வாசலில் அதன்மேல் துளசிச் சட்டி உட்கார்ந்திருந்தது. குழவி வேறொரு மூலையில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் காரில் ஏற்றி, பெருமையோடு அம்மா முன்னால் கொண்டுவந்து இறக்கினேன்.

அம்மா பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இத எதுக்கும்மா தூக்கிட்டு வந்த?"

"நம்ம அம்மிம்மா. இதுல அரைச்சா மணமே தனின்னு சொல்வாங்கல்ல?"

"மணம் சாப்பிட்டவங்களுக்கு. தோள்வலி எனக்கு" என்றார் அம்மா.

பிறகு உட்கார்ந்து சொன்னார். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். பால்வெட்டு முடிந்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வர மதியம் தாண்டிவிடும். அதற்குப் பிறகு எட்டுப் பேருக்கு மசாலா. முதலில் மஞ்சள், அது கல்லோடு போட்டி போடும். பிறகு மிளகாய், மல்லி. உள்ளங்கை எரியும். கைக்குழந்தையைத் தூக்கினால் அதன் மேலும் எரியும். அதனால் அழுகிற பிள்ளையைத் தூக்காமல் கையைத் தேங்காயெண்ணெயில் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கைக்குழந்தை நான்தான்.

"முதல் முதலா பிளெண்டர் வாங்குன அன்னைக்கு நான் சாமி கும்பிட்டேன்" என்றார் அம்மா. எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

அம்மா சொன்னதைப் பழைய எலும்புகளும் சொல்கின்றன. சிரியாவில் அபு ஹுரேரா என்ற இடத்தில் ஆதி விவசாயிகளின் குடியிருப்பைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்த தீயா மோல்சன் என்ற அறிஞர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். கால் பெருவிரல் மூட்டுத் தேய்ந்திருக்கிறது. முழங்காலிலும் முதுகெலும்பிலும் அழுத்தத்தின் தடம் இருக்கிறது. மண்டியிட்டு, மணிக்கணக்கில் தானியம் அரைத்ததால் வந்த சேதம் அது. அந்த எலும்புகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. எழுத்து பிறப்பதற்கு முன்பே அம்மி பெண்ணின் எலும்பில் எழுதிவிட்டது.

ஆகவே அந்தக் காலம் பொற்காலம், மீண்டும் அம்மிக்குப் போவோம் என்று நான் இந்த மேடையில் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் முதலில் ஒரு வாரம் அரைத்துப் பார்க்கட்டும். கோயம்புத்தூரில் 1955 வாக்கில் சபாபதி என்பவர் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார் என்று சொல்கிறார்கள். அந்தக் கோவை கிரைண்டர் இன்று புவிசார் குறியீடே பெற்றிருக்கிறது. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுற்றும். அந்தக் கிரைண்டரில் குழவி நிற்கும், உரல் சுற்றும். அந்த ஒரு மாற்றம் எத்தனை தாய்மார்களின் தோளைக் காப்பாற்றியிருக்கும்! இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் பட்டுப்புடவையோடு கிரைண்டரையும் தூக்கிக்கொண்டு வந்தது சும்மா இல்லை.

சொல் எங்கே போனது?

அப்படியானால் நான் எதை இழந்தேன்? இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாட்கள் ஆயின.

அம்மாவைக் கவனித்தேன். சட்னியைப் பிளெண்டரில் போட்டு எடுத்துவிட்டு, "சட்னி அரைச்சாச்சு" என்றார். அடுத்த நாள் கிரைண்டரில் இட்லி மாவைப் போட்டு எடுத்துவிட்டு, "மாவு ஆட்டியாச்சு" என்றார். மிளகுத் தூளுக்கு, "கொஞ்சம் இடிச்சு வச்சிருக்கேன்" என்றார். மூன்றையும் செய்தது மின்சாரம்தான். ஆனால் அம்மாவின் வாயில் மூன்றும் மூன்றாகவே இருந்தன. கல் போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சொல் போகவில்லை.

ஆக, இயந்திரம் வந்ததால் சொல் போய்விட்டது என்று இயந்திரத்தின் மேல் பழியைப் போட முடியாது. அம்மா கல்லை விட்டார், சொல்லை வைத்துக்கொண்டார். என்னிடம் கல்லும் இல்லை, சொல்லும் இல்லை. அம்மா சுமந்த பாரத்தை நான் சுமக்கவில்லை. அது நல்லதுதான். ஆனால் பாரமே இல்லாத ஒன்றையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டேன். 'அரை' என்றும் 'ஆட்டு' என்றும் சொல்ல யாருக்குத் தோள் வலிக்கப் போகிறது?

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அம்மியை இழுத்துப் போடச் சொன்னார். இரண்டு காய்ந்த மிளகாயை ஊறவைத்து, ஒரு கல் உப்பு வைத்து, "வா, ஒரு தடவை காட்டித் தரேன். அதுக்கப்புறம் கேக்கக்கூடாது" என்றார். குழவியை எப்படிப் பிடிப்பது, எந்த இடத்தில் அழுத்துவது, எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது, வழித்து நடுவுக்குக் கொண்டுவருவது எப்படி என்று காட்டினார். தள்ளும்போது உடம்பு முழுக்கப் போகிறது, இழுக்கும்போது கை மட்டும் வருகிறது. பத்து நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. மிளகாய் பாதிதான் மசிந்திருந்தது. அம்மா கழுவித் துடைத்து, குழவியை அம்மியின் மேல் கிடத்தினார்.

"இப்ப பாரு, புள்ள மாதிரிதான் இருக்கு" என்றார். அகராதியில் நான் தேடிப் பிடித்ததை அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். உங்கள் ஊரில் திரிகைக்கு என்ன பெயர், ஆட்டுக்கல்லுக்கு என்ன பெயர், எதை இடித்தார்கள், எதைக் குத்தினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டை மறந்துவிட்டால் அது பாதிக் கணக்கு. பிள்ளைகளிடம் "பிளெண்ட் பண்ணு" என்று சொல்லும் இடத்தில் "சட்னி அரைம்மா", "மாவு ஆட்டுப்பா" என்று சொல்லிப் பாருங்கள். செலவில்லாத வேலை.

கூலாய்ப் பாட்டி இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு செய்தி: பாட்டி, நீங்கள் சொன்னது சரி. அம்மியில் அரைக்கத்தான் முடியும். நான் அரைத்துப் பார்த்துவிட்டேன். குழவி காலில் விழவில்லை.